மட்டிப்பழ வாடை

மலையடிவாரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வைத்தியர் இருந்தார். தேனீ கொட்டினால் உயிர் போகிற ஆட்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது அவர் வேலை. பெயர் தாணுமாலயன். ஊருக்கு அவர் ஆசான். தாத்தா வர்ம ஆசான். பேரன் ஆஸ்பத்திரிப் படிப்பு படித்தவர். என்ன படித்து என்ன, ஊர் தாத்தாவின் பெயரைத்தான் ஒட்டவைத்தது.

அவரிடம் ஒரு மாணவி இருந்தாள். மாணவி என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். அமலோற்பவம் ஆசானைவிடப் பத்து வயது மூத்தவள். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை ஆசானே என்பாள்.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முடி நரைக்கும்வரை வேலை பார்த்தவள். ரத்தத்தில் இருக்கும் அணுக்கள் ஒன்றுக்கொன்று தூது அனுப்பிக்கொள்ளும் அல்லவா, அந்தத் தூதுகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி. எது எழுப்பும், எது அடக்கும், எல்லாம் அத்துப்படி. போதும் என்று ஊர் திரும்பினாள். கணவர் லூர்துமணி தேனீ வளர்க்கிறவர். வந்த வருஷமே, ரப்பர் துளிர் விடுகிற காலத்தில், ஒரே ஒரு தேனீ அவள் கழுத்தில் கொட்டியது.

தொண்டை அடைத்தது. கண் இருண்டது. ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆசான் தொடையில் ஊசியைக் குத்திப் போன உயிரை இழுத்துப் பிடித்தார்.

உயிர் வந்தது. கூடவே பயமும் வந்தது.

ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தாள். வெயிலில் போனாலும் நீளக் கைச் சட்டை. பூ வைப்பதை நிறுத்தினாள். மிக்ஸி ஓடினால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பக்கத்திலோ தேனீப்பெட்டி இல்லாத தோட்டம் கிடையாது. எங்கே போவாள்?

ஆசானிடமே போனாள். "எனக்கு வைத்தியம் பாருங்க. அப்படியே எனக்கும் சொல்லிக் குடுங்க. எங்க ஊர்ப் பக்கம் இதைச் செய்ய ஆள் இல்ல."

"ரெண்டும் ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான்."

"சரி. ஆனா முதல்ல உங்க கை நடுங்காம இருக்கணும். பிறகுதான் அடுத்தவன் கையில குத்தலாம்."

வைத்தியம் இதுதான். தேனீயின் விஷத்தையே துளியில் துளியாகத் தோலுக்கடியில் ஏற்றுவது. வாரம் போகப் போகக் கொஞ்சம் கூட்டுவது. கேட்கச் சுலபம். எந்தத் துளி கொல்லும் என்று தெரியாமல் வாராவாரம் கையை நீட்டிப் பார்த்தால் தெரியும்.

சில மாதம் ஓடியது. ஒரு நாள் காலை அமலோற்பவம் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"ஏறியிருக்கு, ஆசானே."

ஆசான் பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். "எது?"

"ஐ-ஜி-ஈ. அலர்ஜி எதிர்ப்பொருள். ஊசி தொடங்கினப்போ இருந்ததைவிட இப்போ கூடுதல்."

"ஏறும்."

"ஏறும்னா என்ன அர்த்தம்?"

"ஆரம்பத்துல ஏறும். பிறகு பைய இறங்கும். நீங்க படிச்சதுதானே?"

"படிச்சது வேற. இது என் ரத்தம்." அவள் பரிசோதனைத் தாளை நீட்டினாள். "ஒவ்வொண்ணும் ஒரு கொடுக்கு மாதிரி உள்ள நிக்குது. அடுத்த தேனீ வரட்டும்னு காத்துக்கிட்டு நிக்குது. வேண்டாம் ஆசானே. நான் நிறுத்திடுறேன்."

"நிறுத்துங்க."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"நிறுத்திட்டு வீட்டுக்குப் போங்க. வலைக்குள்ள இருங்க. சாகுற வரைக்கும் இருக்கலாம். நல்ல வலையா வாங்குங்க, மலிவா வாங்காதீங்க."

அவள் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். விரல்கள் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தன.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் உடம்பு ஏன் இப்படிப் பண்ணுது? உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும். இன்டர்லூகின் நாலுன்னு ஒரு தூது போய் 'செய்'ங்குது. பதிமூணு கூட நின்னு ஒத்து ஊதுது. எதிர்ப்பொருள் பெருகுது. இன்டர்ஃபெரான் காமா வந்தா 'வேண்டாம்'னு தடுக்கும். பத்து வந்தா எல்லாரையும் உட்கார வைக்கும்..."

"பேர் சொல்லிக் கூப்பிட்டா வருமா?"

"வராது."

"பிறகு எதுக்கு ஆஜர் எடுக்குறீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "உத்தரவு யார் போட்டா ஆசானே? ஒரு ஈ. மிளகு அளவு விஷம். இதுக்குப் போய் ஊரையே கொளுத்துற மாதிரி என் உடம்பு என்னையே கொல்லப் பாத்துச்சே. யார் சொல்லி?"

ஆசான் சாயாவைக் கீழே வைத்தார். உத்தரத்தில் மட்டி வாழைக்குலை ஒன்று தொங்கியது. நன்றாகப் பழுத்தது. ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டினார்.

"தின்னுங்க. தின்னுட்டு வாங்க, பெட்டி பாக்கலாம்."

அவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். தேனீக்காரன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். பெட்டி திறக்கிற நாளில் லூர்துமணி குலையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கட்டிவிடுவார். பழம் தின்ற வாயோடு பெட்டிப் பக்கம் போனவனை ஊரே திட்டும்.

"விளையாடாதீங்க."

"ஏன், என்ன ஆயிடும்?"

"கொட்டின தேனீகிட்ட இருந்து ஒரு வாடை வரும். மட்டிப்பழ வாடையும் அதுவும் ஒண்ணு. அது மணந்தா மத்ததெல்லாம் கொட்ட வந்துடும்."

"தெரியுதுல்ல? வாங்க."

வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில் பெட்டிகள் இருந்தன. கொஞ்சம் தள்ளி, கம்பிவலை அடித்த ஒரு சின்ன அறை. பயந்தவர்கள் நின்று பார்ப்பதற்காக ஆசான் கட்டியது. அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். அவள் கொக்கி போட்டாள். இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

ஆசான் பெட்டியின் முன்னால் போனார். வாசல் துளையில் காவல் தேனீக்கள் நின்றன. வருகிற தேனீயை முகர்ந்து பார்த்து உள்ளே விட்டன. போகிறது போக, வருகிறது வர, எல்லாம் அதனதன் பாட்டுக்கு நடந்தது.

தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். பழத்தை அதில் வைத்துக் கசக்கினார். துண்டை ஒரு குச்சியில் கட்டி வாசலுக்கு நேரே ஊன்றினார். ஊன்றிவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு காவல் தேனீக்கள் வாசலிலிருந்து முன்னால் வந்தன. வாலைத் தூக்கின. ஒன்று பறந்துபோய்த் துண்டில் குத்தியது. குத்திய இடத்திலிருந்து வாடை எழும்பியிருக்க வேண்டும். இன்னும் சில வந்தன. அவையும் குத்தின. பிறகு பெட்டியின் சத்தமே மாறிவிட்டது. அதுவரை முணுமுணுப்பாக இருந்தது, கொதிக்கிற எண்ணெய் மாதிரி ஆயிற்று. வாசல் துளை வழியே கறுப்பாகக் கொட்டியது கூட்டம்.

அமலோற்பவத்தின் தொண்டை தானாக அடைத்தது. கொட்டவே இல்லை, ஆனால் அடைத்தது.

"ஆசானே, அது வெறும் துண்டு!" என்று கத்தினாள். தேனீயிடம் சொன்னாளா, அவரிடம் சொன்னாளா, அவளுக்கே தெரியாது.

வெள்ளைத் துண்டு மறைந்துபோனது. இப்போது அவை ஆசானையும் சுற்ற ஆரம்பித்தன. அவர் கழுத்தில் ஒன்று. காதில் ஒன்று. அவர் முகம் சுளித்தார், நகரவில்லை.

"உள்ள வந்துடுங்க! ஆசானே, வாங்க!"

கொக்கியைத் தட்டினாள். கதவைத் திறந்தாள். அடுத்த கணம் புத்தி வந்து இழுத்துச் சாத்தினாள்.

சாத்திய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. அறைக்குள்ளே. காதுக்குப் பக்கத்தில்.

ஒரு தேனீ.

அது வலையில் போய் முட்டியது. திரும்பி வந்தது. அவள் முகத்துக்கு முன்னால் தொங்கியது. பிறகு அவள் சட்டைக் கையில் உட்கார்ந்தது.

அவள் கல்லானாள். ரத்தம் வற்றுகிற மாதிரி இருந்தது. ஜீப்பில் கிடந்தது ஞாபகம் வந்தது. லூர்துமணி தலையில் அடித்துக்கொண்டு அழுதது எங்கோ தூரத்தில் கேட்டதே, அது ஞாபகம் வந்தது. ஓடு என்றது கால். ஓடினால் கொட்டும் என்றது அறிவு. வாய்க்குள் செபம் பாதியில் நின்றது. தேனீ மணிக்கட்டு வரைக்கும் நடந்தது. துணி முடிந்து தோல் தொடங்குகிற இடத்தில் நின்றது.

வலைக்கு அந்தப் பக்கம் ஆசான் வந்து நின்றார். கையில், முன்பே மூட்டி வைத்த புகைச்சட்டி. தேங்காய் நார் கனன்றுகொண்டிருந்தது. வலை வழியாகப் புகையை உள்ளே ஊதினார். பைய. அவசரமே இல்லாமல்.

அறை மங்கியது. அவளுக்குக் கண் எரிந்தது. தேனீ மணிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றது. எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோன மாதிரி உணர்கொம்பைத் துடைத்தது. பிறகு எழும்பியது. ஆசான் கதவைத் திறக்க, அது வெளியே போனது.

அவள் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

ஆசான் துண்டைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அமுக்கினார். பெட்டிக்கும் புகை போட்டார். வாடை அடங்கியது. தேனீக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கொஞ்ச நேரத்தில் பழைய முணுமுணுப்பு வந்துவிட்டது.

அவர் கழுத்தில் இருந்த கொடுக்கை நகத்தால் வழித்துப் போட்டபடி அவளிடம் வந்தார். வலது காது பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது.

"எந்தத் தேனீ உத்தரவு போட்டுச்சு?"

அவள் யோசித்தாள். "ஒண்ணும் போடல."

"ராணி?"

"அது உள்ள இருந்துச்சு. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"எதிரி யாரு?"

"யாரும் இல்ல. துண்டு."

"கொடுக்கு எல்லாம் துண்டுலதான் இருக்கு. எண்ணிப் பாக்குறீங்களா?"

அவள் பெட்டியையே பார்த்தாள். வாசலில் காவல் தேனீக்கள் முன்போலவே நின்றன.

"இதுங்க மட்டும் ஏன் உள்ள போகல?"

"அதுங்க சோலி அது."

பிறகு கேட்டாள்: "எனக்குள்ள புகை எது ஆசானே?"

"வாராவாரம் குத்துறேனே, அது என்னன்னு நெனச்சீங்க?"

"அது விஷமில்ல?"

ஆசான் புகைச்சட்டியை அவள் பக்கம் சாய்த்துக் காட்டினார். சாம்பலுக்கு அடியில் சிவப்பாக இருந்தது.

"இதுக்குள்ள இருக்கிறதும் நெருப்புதான்."

அவள் எழுந்தாள். முழங்கை வரை துணியைச் சுருட்டினாள். அந்த வாரத்து ஊசிக்குக் கையை நீட்டினாள். கை நடுங்கியது. நீட்டினாள், அவ்வளவுதான்.

மழை வந்தது, போனது. ரப்பர் இலை உதிர்ந்தது, மறுபடி துளிர்த்தது. எதிர்ப்பொருள் கொஞ்சம் இறங்கியது. அவள் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. ஆசானிடம் காட்டினால் அவர் பார்ப்பதே இல்லை. "உங்களுக்கு நல்லா தூக்கம் வருதா?" என்று கேட்பார்.

தூக்கம் வரவிடாத ஆள் ஒருவர் இருந்தார். லூர்துமணி. பெட்டி பார்க்கப் போன இடத்திலிருந்து பொழுதுக்கும் போன் அடிப்பார். "எட்டி அமலி, மூச்சு நல்லா இருக்கா?" அவள் சும்மா இருமினால் செருப்பைப் போட்டுக்கொண்டு ஜீப் சாவியைத் தேடுவார். நல்ல மனுஷன். அவர் போன் வைத்த பிறகு அவளுக்குத் தொண்டையில் ஏதோ இருக்கிற மாதிரியே இருக்கும்.

கடைசியில் ஒரு நாள் ஆசான் சொன்னார்: "நாளைக்கு உயிருள்ள தேனீ. கொட்ட விட்டுப் பாப்போம். இங்கேயே, கட்டில்ல, நான் பக்கத்துல இருப்பேன். தாங்கினா தாங்குச்சு."

"தாங்கலைன்னா?"

"தொடையில போடுற ஊசி இருக்கு."

"ஊசி கேக்கலைன்னா?"

அவர் கட்டிலைப் பார்த்தார். அந்தக் கட்டிலில் முன்பு ஒரு ரப்பர் வெட்டுக்காரர் கிடந்தார். தேனீ கொட்டி, கொண்டுவரத் தாமதமாகிவிட்டது. ஊசி கேட்கவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் அவள் வந்தாள். லூர்துமணியும் வந்தார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் செபமாலை. முகம் வெளுத்துக் கிடந்தது. மணியை உருட்டுகிறாரா, கை தானாக ஆடுகிறதா என்று சொல்ல முடியவில்லை.

ஆசான் அவள் நாடியைப் பிடித்தார். குதிரை மாதிரி ஓடியது. கழுத்தில் அங்கங்கே சிவந்து தடித்திருந்தது. தேனீ இன்னும் பெட்டியில்தான் இருந்தது.

"அண்ணே, வெளிய போங்க."

லூர்துமணிக்குச் சுருக்கென்றது. "நான் ஒண்ணும் பேசலையே?"

"பேசலை. வாடை வருது."

"குளிச்சிட்டுத்தான்வே வந்தேன்!"

அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை மாதத்தில் முதல் தடவை. லூர்துமணி அவளைப் பார்த்தார், ஆசானைப் பார்த்தார். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. எழுந்து போனார். கதவருகில் நின்று, "எட்டி, மூச்சு..." என்று ஆரம்பித்தார். பாதியில் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

கழுத்துத் தடிப்பு மெல்ல அடங்கியது.

ஆசான் தேனீயைப் பிடித்து வந்தார். ஒரு கண்ணாடித் தம்ளர், அடியில் ஓர் அட்டை. தேனீ தம்ளருக்குள் சுற்றியது. இன்னொரு கையில் ஊசி தயாராக இருந்தது. தம்ளரை அவள் முன்கை மேல் கவிழ்த்தார். அட்டையை உருவ வேண்டியதுதான் பாக்கி.

உருவவில்லை.

தம்ளர் அவள் தோலில் கிடுகிடுவென்று தட்டிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆசானின் பார்வை அவள் கையில் இல்லை. கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. யார் தலை அங்கே கிடந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் நெஞ்சு மறுபடி ஓடத் தொடங்கியது. கழுத்து சுட்டது. ஓடிவிடலாம். இப்போதுகூட ஓடிவிடலாம். வலை இருக்கிறது. வீடு இருக்கிறது.

"ஆசானே," என்றாள்.

"என்ன?"

"வாடை வருது."

அவர் அவளையே பார்த்தார். கோபம் வந்த மாதிரி இருந்தது. பிறகு தம்ளரையும் அட்டையையும் அப்படியே எடுத்து மேசையில் வைத்தார். ஊசியையும் பக்கத்தில் வைத்தார். போய் முகம் கழுவினார். வந்து லூர்துமணி விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே பலா மரத்தடியில் பெட்டிகள் முணுமுணுத்தன. தம்ளருக்குள் தேனீ சுற்றுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தது.

"இப்போ?" என்றார்.

"இப்போ சரி."

தம்ளர் தட்டவில்லை. அட்டையை உருவினார். தேனீ தோலில் நடந்தது. அவள் கண்ணை மூடவில்லை. அது வாலை மடித்து அழுத்தியதையும் பார்த்தாள்.

சுரீர் என்றது. தீக்கங்கு வைத்த மாதிரி. லேசாக மட்டிப்பழ வாடை எழும்பியது.

ஆசான் தம்ளரை எடுத்தார். கொடுக்கை வழித்தார். நாடியைப் பிடித்துக்கொண்டார்.

இனி காத்திருக்க வேண்டியதுதான்.

அவள் தொண்டையைக் கவனித்தாள். எச்சில் விழுங்கினாள். இறங்கியது. மறுபடி விழுங்கினாள். ஏதோ நிற்கிறதா? இல்லை. உதடு வீங்குகிறதா? நாக்கால் தொட்டுப் பார்த்தாள். கண் இருட்டுகிற மாதிரி இருந்தது, மேகம் வெயிலை மறைத்திருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு மூச்சையும் இதுதான் கடைசி என்று இழுத்தாள். அதற்குப் பிறகும் ஒன்று வந்தது.

கொட்டிய இடம் சிவந்தது. ஒரு நெல்லிக்காய் அளவு வீங்கியது. அதற்கு மேல் போகவில்லை.

வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்கு ஏறியது. ஆசான் நாடியை விட்டார். ஊசிக்கு மூடி போட்டார்.

"எழும்பலாம்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வெளியே லூர்துமணி இருமலை அடக்குகிற சத்தம் கேட்டது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழ வேண்டும் போல இருந்தது. அழுகை வரவில்லை.

"பயம் இன்னும் போகல ஆசானே. ரத்தத்துல அந்த எதிர்ப்பொருளும் நெறைய அப்படியே நிக்குது. நேத்துகூடப் பாத்தேன். எல்லாம் அங்கேயேதான் இருக்கு."

ஆசான் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"காவல்காரி எங்க போவா? வாசல்லதான் நிப்பா. இன்னைக்கு அவளை யாரும் கூப்பிடல."